பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டேன்

நர்சிங் மாணவிகளுக்கு மனநலப் பாடம் நடத்துகிறேன். மேனியா நோயில் மனநிலை ஏறுவதை நம் பாடநூல்கள் நாலு படியாகப் பிரிக்கும்: யூஃபோரியா, இலேஷன், எக்ஸால்டேஷன், எக்ஸ்டசி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

வெளியே இலேஷன் என்றால் பரீட்சையில் தேறியவரின் பூரிப்பு. அதற்குக் காரணம் உண்டு, நாலு நாளில் அடங்கியும் விடும். வார்டில் அதே சொல்லுக்குக் காரணமே வேண்டியதில்லை. தன்மேல் மிதமிஞ்சிய நம்பிக்கை, ஓயாத பேச்சு, நிலைகொள்ளாத கைகால். லத்தீன் மூலத்தில் அதற்குத் தூக்கிச் செல்லப்பட்டது என்று பொருள். எங்கே கொண்டுபோய்ப் போடும் என்பதுதான் கவலை. வகுப்பில் இதைச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அண்ணன் விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

அண்ணன் கையிறுக்கம், பேச்சும் குறைவு. திடீரென்று மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்றார். அசதியே இல்லை. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு; மாணவிகளை அடிக்கோடிடச் சொல்லும் இடம் இது. விடிகாலையில் போன் செய்து, ஹோட்டல் தொடங்கும் திட்டத்தை விவரிப்பார். கேட்டுக்கேட்டுச் சிரிப்பேன். மேனியாவின் குஷி பக்கத்திலிருப்பவரையும் தொற்றும் என்று நூல்களே சொல்கின்றன. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். எனக்குப் புரிந்துதான் இருந்தது.

தீபாவளிக்குக் காஞ்சிப் பட்டு வாங்கி வந்தார். அதுவரை ஒரு கைக்குட்டைகூடத் தராதவர். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். கலகலப்பான அண்ணன் எனக்குப் பிடித்திருந்தது, புடவையும் பிடித்திருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

இந்த நிலை ஒரு வாரம் நீடித்தாலே மேனியா என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டின் கணக்கு. நான் அதையும் தாண்டிச் சும்மா இருந்தேன். அதற்குள் அண்ணியின் நகைகள் அடகுக்குப் போயின. குஷி சிடுசிடுப்பானது, தடுத்தவர்மேல் கை ஓங்கினார். நர்சிங் படிக்காத அண்ணிதான் கடைசியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

இப்போது லித்தியம் சாப்பிடுகிறார். ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். தேறிவிட்டார், கஞ்சத்தனமும் திரும்பிவிட்டது. அண்ணி மட்டும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்மேல் தப்பில்லை.

உங்கள் வீட்டில் யாராவது தூங்காமல், அசராமல், காரணமில்லாத குதூகலத்தோடு பணத்தை வாரி இறைத்தால் ரசித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416.