மயிலுக்காக அழுதவர்கள் ரம்யாவைத் திட்டுவது ஏன்?

“இந்தப் பொண்ணு மேல எப்படி அத்தை பாவம்னு தோணும்? பெத்தவகிட்டயே வாய் கூசாம பொய் சொல்றா!”

சனிக்கிழமை மாலை. ராஜா அண்ணாமலைபுரத்தில், கிரீன்வேஸ் ரோடு ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஓர் அபார்ட்மென்ட். ஹால் டி.வி.யில் ‘பேட் கேர்ள்’ படம் ஓடிக்கொண்டிருக்கிறது. சோபாவில் அப்பத்தா. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் பேத்தி. கையில் கொத்தமல்லிக் கட்டோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் அம்மா.

அப்பத்தாவுக்கு 67 வயது, சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். அம்மாவுக்கு 45, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பேத்திக்கு 17, ப்ளஸ் டூ படிக்கிறாள். படத்தைப் போடச் சொன்னதே அப்பத்தாதான். “ஊரே திட்டுச்சே, அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்” என்று உட்கார்ந்தவர், பாதிப் படம் வரை வாயே திறக்கவில்லை.

அம்மா திட்டியது படத்தில் வரும் ரம்யாவைத்தான். ஆனால், தலையைக் குனிந்துகொண்டது பேத்தி!

காரணம் இருக்கிறது. 12 நாள்களுக்கு முன்பு, மந்தைவெளியில் ஃபிசிக்ஸ் டியூஷன் என்று சொல்லிவிட்டு, கூடப் படிக்கும் பையனோடு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய்விட்டாள். மொத்தம் இரண்டு மணி நேரம். பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். அன்று இரவே போன் அம்மாவின் பீரோவுக்குள் போய்விட்டது. அதன் பிறகு அம்மா அவளிடம் பேசுவது இரண்டே வார்த்தைகள்தான். ‘சாப்பிடு’, ‘படி’.

அதனால், அன்று மாலை அந்த ஹாலில் எழுந்த கேள்வி ஒரு சினிமா கேள்வி மட்டுமல்ல. தப்பு செய்த ஒரு டீன் ஏஜ் பெண்ணுக்கு இரக்கம் காட்டலாமா, கூடாதா?

ஊர் திட்டிய ரம்யா

புது இயக்குநர் வர்ஷா பரத் எடுத்த படம் ‘பேட் கேர்ள்’. தயாரிப்பு வெற்றிமாறன். ரம்யாவாக அஞ்சலி சிவராமன், அம்மாவாக சாந்திப்ரியா. பள்ளி, கல்லூரி, அதற்குப் பிந்தைய வாழ்க்கை என ரம்யாவின் கதை நகர்கிறது. பள்ளிப் பருவத்தில் காதலிக்கிறாள், வீட்டில் மாட்டிக்கொள்கிறாள், அடம்பிடிக்கிறாள், மறுபடி தப்பான முடிவு எடுக்கிறாள்.

2025 ஜனவரியில் டீசர் வந்ததுமே சர்ச்சை வெடித்தது. ஒரு சமூகத்தைக் கொச்சைப்படுத்துகிறது, பள்ளிப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எதிர்ப்புகள் கிளம்பின. அடுத்த மாதமே ராட்டர்டாம் திரைப்பட விழாவில் படத்துக்கு நெட்பேக் விருது கிடைத்தது. ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்த டீசரை இணையத்திலிருந்து நீக்க உத்தரவிட்டது. செப்டம்பர் 5-ம் தேதி படம் தியேட்டருக்கு வந்தது.

பள்ளி வயதுப் பிள்ளைகளைத் திரையில் எப்படிக் காட்டலாம் என்பது நியாயமான கேள்விதான். ஆனால், வீடுகளில் நடந்த விவாதம் பெரும்பாலும் வேறு. ‘இவளை மாதிரி ஒருத்தி மேல எதுக்குப் பரிதாபப்படணும்?’ என்பதுதான் அது. அம்மா கேட்டதும் அதையேதான்.

“அவ பட்டுட்டால்ல!”

“எங்க காலத்துலயும் ஒருத்தி இருந்தா... மயிலு” என்றார் அப்பத்தா.

பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பரில் வெளியானது. அப்போது அப்பத்தாவுக்கு 19 வயது, கல்யாணமான புதுசு. மயிலாக நடித்த ஸ்ரீதேவிக்கு 14 வயதுதான்! காரைக்குடியில் பார்த்த அந்தப் படத்தை, சென்னைக்குக் குடிவந்த பிறகும் அப்பத்தா பலமுறை பார்த்திருக்கிறார். மந்தைவெளியில் இருந்த கபாலி தியேட்டர் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அரை மணி நேரம் பேசுவார்.

மயில் குறையில்லாத பெண்ணா? இல்லவே இல்லை. தன்னையே சுற்றிவரும் சப்பாணியைத் துச்சமாக நடத்துகிறாள். பட்டணத்திலிருந்து வந்த கால்நடை டாக்டரின் பேச்சில் மயங்கி, ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் வாய்ப்பையே உதறுகிறாள். தாய் சொல்லைக் கேட்பதில்லை. ரம்யா மீது வைக்கப்படும் புகார்களில் முக்கால்வாசி மயிலுக்கும் பொருந்தும்.

“டாக்டர்கூட அவ பேசுறப்ப தியேட்டர்ல பொம்பளைங்க எல்லாம் ‘கெட்டுப் போறாளே பாவி மக’ன்னு திட்டுனாங்க. ஆனா, கடைசியில ரயில்வே ஸ்டேஷன்ல சப்பாணிக்காகக் காத்துக்கிட்டு நிப்பா பாரு... அழாத ஆளே இல்ல. நானும் அழுதேன்.”

“அப்ப மயிலுக்கு மட்டும் ஏன் அப்பத்தா பாவம் பாத்தீங்க? அவளும் தப்புதானே செஞ்சா?” என்றாள் பேத்தி.

“அவ பட்டுட்டால்ல ஆத்தா!”

சில நொடி அமைதி. பிறகு, டி.வி.யைப் பார்த்தபடியே பேத்தி கேட்டாள்.

“அப்ப... நானும் பட்டாதான் அம்மா என்கிட்ட பேசுவாங்களா?”

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அந்தப் பெண் கேட்டது நம் எல்லோரிடமும் கேட்கவேண்டிய கேள்வி. மயிலுக்காக நாம் அழுதோம். எப்போது அழுதோம்? டாக்டர் கைவிட்டு, தாய் இறந்து, ஊர் தூற்றி, ஒரு கொலையும் நடந்து, அவள் தன்னந்தனியாக நின்ற பிறகு. அவள் கனவு கண்டபோது அழவில்லை, திட்டினோம். முழு விலையையும் கொடுத்து முடித்த பிறகுதான் இரக்கம் என்ற ரசீதைக் கையில் கொடுத்தோம்.

ரம்யா அந்த விலையைக் கொடுப்பதில்லை. அவளும் அழுகிறாள், இழக்கிறாள். ஆனால், ‘இனி ஜென்மத்துக்கும் ஆசைப்பட மாட்டேன்’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எந்த ஸ்டேஷனிலும் நிற்பதில்லை. பலருக்கு அவள் மீது வந்த கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

செந்திலிடம் யாரும் கேட்கவில்லை

அம்மாவுக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. 2004. அவருக்கும் அப்போது கல்யாணமான புதுசு. கணவரோடு பார்த்த முதல் படங்களில் ஒன்று, சேரனின் ‘ஆட்டோகிராஃப்’. தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, பழைய காதலிகளைத் தேடிப் போகும் செந்திலின் கதை. பள்ளிக்கூடத்தில் ஒரு காதல், கேரளத்தில் ஒரு காதல், சென்னையில் கைதூக்கிவிடும் ஒரு தோழி.

“அந்தப் படத்துக்கு நீங்களும் அப்பாவும் தேம்பித் தேம்பி அழுதீங்கன்னு அப்பாவே சொல்லியிருக்காரு” என்று எடுத்துக்கொடுத்தாள் பேத்தி.

அம்மாவால் மறுக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், செந்திலும் பள்ளி வயதில் காதலித்தவன்தான். ஒன்றோடு நிற்கவில்லை, அடுத்ததற்கும் போனான். இரண்டு படங்களும் ஒருவரின் பருவங்களைத்தான் ஒவ்வொன்றாகப் புரட்டுகின்றன. செந்திலைப் பார்த்து, ‘இவன் மேல எதுக்குப் பரிதாபப்படணும்?’ என்று யாரும் கேட்கவில்லை. தியேட்டரிலிருந்து வெளியே வந்த ஆண்கள் தங்கள் பழைய பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டார்கள். பெண்களும்கூட அவனுக்காகத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பையனின் அந்த வயதுக்கு ‘மலரும் நினைவுகள்’ என்று பெயர். பெண்ணின் அதே வயதுக்கு ‘கெட்டுப் போனது’ என்று பெயர்.

“அது வேற, இது வேறடீ” என்றார் அம்மா. ஆனால், எப்படி வேறு என்று அவரால் உடனே சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகச் சொன்னார்.

“பையனை யாராவது பாத்தா, பாத்துட்டுப் போயிடுவாங்க. உன்னைப் பாத்தா, வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்றாங்க. எவனாவது போன்ல எடுத்துப் போட்டுட்டா நான் என்னடீ செய்வேன்?”

12 நாள்களில் அம்மா அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அந்தக் கோபத்துக்குள் இருந்தது கோபம் அல்ல, பயம். அதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊர் தன் மகளை என்ன செய்யும் என்று தெரிந்த ஒரு தாயின் பயம் அது.

தலையில் ஊற்றிய தண்ணீர்

அப்பத்தா டி.வி.யை நிறுத்தச் சொன்னார். “ஒரு கதை சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க.”

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்னிப் பிரவேசம்’ அது. மழையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளிடம் தவறாக நடந்துகொள்கிறான். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லி அழுகிறாள். தாய் முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு, மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள்.

தப்பு செய்தவன் அவன். ஆனால், அந்தக் காலத்து வாசகர்களில் பலருக்கு அந்தத் தாயின் மன்னிப்பு பொறுக்கவில்லை. அப்படியொரு பெண்ணை அத்தனை சுலபமாக வீட்டில் சேர்த்துக்கொள்வதா என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

ஜெயகாந்தன் விடவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலையே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அண்ணன் அடித்துத் துரத்துகிறான். கங்கா படித்து நல்ல வேலைக்குப் போகிறாள். ஆனால், அந்த ஒரு மழை நாள் அவள் வாழ்க்கை முழுவதும் கூடவே வருகிறது. நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 1977-ல் ஏ.பீம்சிங் இயக்கத்தில் படமாகவும் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. மயில் வந்த அதே வருடம்தான் கங்காவும் வந்தாள்!

“பொண்ணு ஒருத்திதான், சம்பவமும் ஒண்ணுதான். ஆத்தாக்காரி என்ன செஞ்சாங்கிறதுலதான் ரெண்டு கதையும் மாறுது” என்றார் அப்பத்தா. பிறகு மருமகளைப் பார்த்து, “இவ செஞ்சது தப்புதான். நான் சரின்னு சொல்லல. ஆனா, நாளைக்கு இதைவிடப் பெரிசா ஏதாச்சும் ஒண்ணுன்னா, இவ முதல்ல உன்கிட்ட வரணும்ல? வாசலைச் சாத்திட்டா எங்க போவா?” என்றார்.

அவர் சொன்னதில் இந்த மொத்த விவாதத்துக்கும் பதில் இருக்கிறது. இரக்கம் காட்டுவது என்பது ‘நீ செய்தது சரி’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அல்ல. ரம்யா சொன்ன பொய் பொய்தான், மயில் சப்பாணியை அவமதித்தது அவமதிப்புதான். தப்பைத் தப்பு என்று சொல்லிக்கொண்டே, செய்தவளின் பக்கத்தில் உட்கார முடியும். அது கஷ்டப்பட்டு முடித்த பிறகு தரும் பரிசாக இருந்தால் யாருக்கும் உதவாது. கஷ்டத்துக்கு முன்பே கிடைத்தால்தான், ஒரு பெண் அந்தக் கஷ்டத்துக்குள் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வருவாள்.

திரையில் வரும் ஒரு பெண்ணுக்கே அதைக் கொடுக்க முடியவில்லை என்றால், நம் ஹாலில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படிக் கொடுப்போம்?

அம்மா கேட்ட ஒரு கேள்வி

அன்று இரவு பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. போன் பீரோவிலேயேதான் இருந்தது. “ரிவிஷன் டெஸ்ட் முடியட்டும், அப்புறம் பாக்கலாம். டியூஷனுக்கு அப்பா கொண்டுபோய் விடுவாரு” என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பேத்தியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. “பொய் சொன்னது தப்புதாம்மா” என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

“பீச்ல என்னடீ சாப்பிட்டீங்க?”

நிமிர்ந்து பார்த்த மகளுக்கு, அது திட்டா கேள்வியா என்று முதலில் புரியவில்லை.

“மொளகா பஜ்ஜி... நல்லாவே இல்லம்மா. ஒரே எண்ணெய்.”

“அவன் பேரு என்ன?”

சொன்னாள். அடுத்த தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, “சரி, முழுசா சொல்லு” என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் அம்மா. ஹாலில் அப்பத்தா ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். படம் இன்னும் பாதி பாக்கி இருந்தது.