தடித்த சாய்வெழுத்து

ஒரு கவிதை வரியைத் தடித்த சாய்வெழுத்தில் போட்டதற்காக ஒரு நண்பரை இழந்திருக்கிறேன்.

எங்கள் பத்திரிகை கணினி அச்சுக்கு வந்திருந்த புதிது. அதற்குமுன், கம்பாசிட்டர் கையால் கோத்த நாட்களில், அந்த அச்சகத்தில் பாராவுக்கு ஒரு டைப், தலைப்புக்கு ஒரு டைப் என்பதோடு சரி. வரியை எடுத்துக்காட்டும் ஆசை வந்தாலும் வழி இராது. கணினியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று தடிக்க, ஒன்று சாய்க்க. கவிதையின் உயிர் கடைசி வரியில் இருப்பதாக எனக்குப் பட்டது. இரண்டையும் அழுத்தினேன். இதழ் போன வாரம் கார்டு வந்தது: 'என் வரியைக் கத்த வைத்துவிட்டீர்கள்.' அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு எழுதவில்லை.

அந்தப் பொத்தான்களின் பூர்வீகத்தைப் பின்னால்தான் தேடிப் படித்தேன். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட வெர்ஜில் நூல் முழுவதும் சாய்வெழுத்து. வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. எதையும் அழுத்திச் சொல்ல அது வரவில்லை. கற்றவர்களின் கையெழுத்து ஓட்டத்தை ஈயத்தில் பிடிக்க வந்தது. அதில் பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. தடித்த எழுத்து வேறு வம்சம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விளம்பரங்களும் சுவரொட்டிகளும் வளர்த்தது. 1845இல் வந்த கிளாரண்டன்தான் அதைச் சாதாரண வரிகளுக்கு நடுவே கொண்டுவந்து உட்கார்த்தியது. ஒன்று கை, மற்றது தெரு. இரண்டும் கூடிய பிள்ளை இது.

டைம்ஸ் எழுத்தின் தடித்த சாய்வைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்ததைப் பிடித்துத் தள்ளியதல்ல அது. 'ஏ' தன் மேல்வளைவை விட்டு ஒற்றை வயிறாகிறது. 'எஃப்' கோட்டுக்குக் கீழே வால் இறக்குகிறது. தட்டையான பாதங்கள் பேனா தூக்கிய இழுப்பாகின்றன. தடிப்பு, பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் படும். சாய்வு, படித்துக்கொண்டே வருகிறவனுக்கு மட்டும் தெரியும். இரண்டும் சேர்ந்தது கத்திக்கொண்டே ரகசியம் சொல்கிறது. அதற்கு நியாயமான வேலைகள் சிலவே. தலைப்பு முழுவதும் தடித்திருக்க, உள்ளே ஒரு நூற்பெயர் வந்தால் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். அங்கே அது உத்தமம். ஒரு பக்கம் முழுக்கப் போட்டால் கண் சலித்துவிடும்.

தமிழில் நான் அழுத்திய பொத்தானுக்குப் பின்னால் வெர்ஜிலும் இல்லை, கிரிஃபோவும் இல்லை. இயந்திரம் நம் எழுத்தைச் சாய்த்தது, அவ்வளவுதான். தடித்ததில் 'ண'வின் சுழிகள் அடைந்துபோயின. இதைவிடப் பெரிய தவறு வேறு. ஆங்கிலக்காரன் 'நான்' என்பதைச் சாய்த்துக் காட்ட வேண்டிய இடத்தில் தமிழன் 'நானே' என்கிறான், 'நான்தான்' என்கிறான். அழுத்தம் சொல்லுக்குள்ளேயே ஏறிவிடுகிறது. அச்சுக்கு வேலை மிச்சமில்லை.

நண்பர் இப்போது இல்லை. சென்ற ஆண்டு அவர் கவிதைகளைத் தொகுக்கிறவர்கள் புரூஃப் அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் பிரதி கிடைக்காததால் எங்கள் இதழைப் பார்த்துக் கோத்திருக்கிறார்கள். கடைசி வரி தடித்துச் சாய்ந்தே வந்திருந்தது, அவர் எழுதியதே அப்படித்தான் என்பதுபோல. அன்றுதான் கவனித்தேன்: அந்த வரியின் இறுதிச் சொல்லில் ஓர் ஏகாரம் இருந்தது.

வரியை நிமிர்த்தச் சொல்லி ஓரத்தில் குறித்து அனுப்பினேன்.