கோழிக் கணக்கு

புறவாசலில் ஒரு கோழி வளர்க்கலாம் என்று சொன்னது என் வீட்டம்மாதான். பேத்தி லீவுக்கு வரும்போது நல்ல நாட்டு முட்டை கொடுக்கலாம் என்பது அவள் எண்ணம். பாவூர்சத்திரம் பக்கம் தெரிந்த வீட்டில் ஒரு வெடைக்கோழி வாங்கி வந்தோம். மூடி வைக்க ஒரு பஞ்சாரம், முட்டையிட வைக்கோல் போட்ட ஒரு பழைய கூடை. பக்கத்து வீட்டுச் சேவல் மதில் தாண்டி வந்து போகும்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டேன். கோழி விலை, கம்பு, குருணை, தவிடு எல்லாம் ஒரு பக்கம், முட்டை மறுபக்கம். நாளைக்கு ஒன்று வீதம் 365, விட்டுப்போன நாட்களைக் கழித்தால் 300 என்று மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். 58.

முதல் சுற்றில் நன்றாகத்தான் இட்டது. பதிமூன்று முட்டை. அதன்பின் காலிக் கூடையிலேயே உட்கார்ந்துகொண்டது. கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. "அவயத்துக்கு உட்கார்ந்துட்டுங்க" என்றாள் வீட்டம்மா. அந்தக் காலத்து வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தோம். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தோம். மூக்கில் இறகு செருகினோம். அது பாட்டுக்கு உட்கார்ந்தே இருந்தது. ஆனி, ஆடிச் சாரலில் இறகெல்லாம் உதிர்த்துவிட்டு, நனைந்த துணி மாதிரி தார்சா ஓரத்தில் ஒடுங்கி நின்றது. அந்த இரண்டு மாதமும் நோட்டில் மறுபக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

"இதை வித்துட்டு வேற வாங்கணும்" என்று, கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கோழி மேல தப்பில்ல. உங்க கணக்குலதான் தப்பு."

ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகுமாம். அதனால் இன்றைக்குக் காலையில் இட்டால் நாளைக்குக் கொஞ்சம் தாமதமாக இடும். அப்படியே தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் விட்டுப்போகும். ஆகவே 365 என்பதை மறந்துவிட வேண்டியதுதான். நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து இடும். பிறகு 21 நாள் அவயம். குஞ்சு பொரித்தால் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயவே இரண்டு மூன்று மாதம். இறகு உதிர்க்கும் காலத்தில், உடம்பில் உள்ள சத்தெல்லாம் புது இறகுக்குப் போய்விடும். இத்தனையும் போக வருஷத்துக்கு 60, 80 கிடைத்தால் அது நல்ல கோழி.

"அப்போ நாமக்கல் கோழி?"

அது வேறு வம்சம் என்றார். வெள்ளை லெகார்ன் வழி வந்தவை. அவயத்துக்கு உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து உண்டாக்கிய கோழிகள். ராத்திரியிலும் விளக்குப் போட்டு, நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டி, அளந்து தீனி வைத்தால் 300 இடும். "உங்க கோழிக்குத் தாயாகணும்னு நெனப்பு இருக்கு, அதுக்கு அந்த நெனப்பே கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

இன்னொன்றும் சொன்னார். கோழி இனத்துக்கு மூலம் செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் கோழியின் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று 2008-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது. குற்றாலம் மலைப் பக்கம் விடியற்காலையில் கூவும், நாம் எல்லோரும் கேட்டதுதான். அது ஒரு தடவைக்கு இடுவதே நாலு முதல் ஏழு முட்டை. அந்த உறவுமுறையோடு பார்த்தால் 58 பெரிய தொகை.

வீட்டுக்கு வந்து நோட்டை மூடி வைத்தேன். ஆனால் கணக்கு மூடவில்லை.

மேலகரத்தில் நாங்கள் இருந்தபோது அம்மா மூன்று கோழி வளர்த்தாள். அறுபதுகளின் நடுவில். மூன்றும் வருஷம் 60 வீதம் இட்டால் 180. அவயத்துக்கு வைத்தது ஒரு மூன்று டஜன் போகட்டும். மீதி 144. கீரியும் பாம்பும் எடுத்ததை விட்டுவிட்டாலும் வாரத்துக்கு மூன்று முட்டைகூடத் தேறாது. வாரம் ஒன்றாவது கடைக்குப் போகும். என் நோட்டுப் புத்தகமும் மண்ணெண்ணெயும் அதிலிருந்துதான். அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயம் போட்டுப் பொரித்து எனக்கு ஒன்று.

முடிந்துவிட்டது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் கணக்கில் இடமே இல்லை.

அப்போது பள்ளிக்கூடத்தில் காமராஜர் கொண்டு வந்த மதிய உணவு உண்டு, ஆனால் அதில் முட்டை கிடையாது. சத்துணவில் முட்டை சேர்ந்ததே 1989-ல்தான். வீட்டில் கிடைக்காவிட்டால் வேறு எங்கும் கிடையாது.

அக்காவுக்கு முட்டை ஆகாது, வாடை பிடிக்காது என்று அம்மா சொல்வாள். அறுபது வருஷமாக நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். என் கல்யாணப் பந்தியிலேயே, "அக்காவுக்கு முட்டை வைக்காதீங்க" என்று சொன்னவன் நான்.

அக்கா இப்போது இலஞ்சியில் மகன் வீட்டில் இருக்கிறாள். அடுத்த வாரம் போனபோது கேட்டேன்.

"ஏக்கா, உனக்கு முட்டை ஆகாதுன்னு அம்மா சொல்லுவாள்லா, நெசமா?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சடங்கானப்போ பதினோரு நாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிச்சேன்லா. ஆகாமயா போச்சு? பன்னெண்டாம் நாள் அடுக்களையில போய் நின்னேன். அம்மா ஒன்னும் சொல்லல, என்னப் பாத்தா. அப்புறம் நான் கேக்கல. அவளும் எனக்கு ஆகாதுன்னு ஊருக்குச் சொல்லிட்டா."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"அவ தின்னாளால? அவளும் திங்கல. பொறவு என்ன கோவம்?" என்றவள், சிறிது நேரம் கழித்து, "நீ தட்டை வழிச்சு நக்குவ. அதத்தான் பாக்க மாட்டேன். முத்தத்துக்குப் போயிருவேன்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் ஆய்ந்துபோட்ட தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுபடி போகும்போது ஆறு முட்டை கொண்டுபோனேன். "பேரப்பிள்ளைக்கு ஆகும்" என்று உள்ளே எடுத்து வைக்கப் போனாள். நான் விடவில்லை. அவளுக்கென்று ஒன்றாவது அவிக்கும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மருமகளே அவித்து, உரித்து, மிளகும் உப்பும் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா பாதியாகப் பிட்டுப் பார்த்துவிட்டு, "மஞ்சக்கரு நல்லா செவப்பா இருக்கேல" என்றாள். மெதுவாகச் சாப்பிட்டாள். நான் முற்றத்துக்குப் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோழியை விற்கவில்லை. இந்தத் தடவை அவயத்துக்கு உட்கார்ந்தபோது தண்ணீரில் முக்கவும் இல்லை. பதினோரு முட்டையை அடியில் வைத்தாள் வீட்டம்மா. இன்றைக்குப் பதினாலாவது நாள். தீனிக்கு மட்டும் இறங்கி, அவசர அவசரமாகக் கொத்திவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்கிறது.