21ஆம் கோப்பு

மைசூரில் என் ஆய்வு நாள் ஈமாக்ஸைத் திறப்பதில் தொடங்கும். அதில் 'ரீசென்ட்எஃப்' என்னும் வசதியை இயக்கிவிட்டால், அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். கோப்புறைகளில் தேடி அலைய வேண்டியதில்லை. புதிதாகத் திறப்பது பட்டியலின் தலைக்கு வரும். நெடுநாள் தொடாதது அடிக்குச் சென்று உதிரும். இயல்பமைப்பில் அது நினைவில் வைப்பவை 20 கோப்புகளே.

நாளடைவில் அப்பட்டியலையே என் வேலைத்திட்டமாகக் கொண்டுவிட்டேன். சென்ற வாரம் இயல் ஒன்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடியபோதுதான், முதற் களப்பணியில் மூதாட்டி ஒருவர் பேசியதன் எழுத்துவடிவம் பாதியில் நிற்பதைக் கண்டேன். கோப்பு தொலையவில்லை, வைத்த இடத்திலேயே இருந்தது. பட்டியலிலிருந்து உதிர்ந்தபோது என் நினைவிலிருந்தும் உதிர்ந்திருந்தது. முடித்ததும் படித்துக் காட்டுவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். ஓராண்டு கடந்துவிட்டது.

அமைப்பில் 20 என்பதை 200 ஆக்கலாம். ஆயினும் அண்மையில் தொட்டதும் முடிக்க வேண்டியதும் ஒன்றல்ல. எனவே அக்கோப்புக்குக் கன்ட்ரோல்-எக்ஸ், ஆர், எம் அழுத்திப் புக்மார்க் இட்டேன். நாமாக நீக்கும்வரை அது நிலைத்திருக்கும்.

எழுத்துவடிவம் நேற்றிரவு முடிந்தது. ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் செல்கிறேன். நண்பர்களே, உங்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்தவற்றையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.