கிளட்சை மிதித்தால் புல்லி நகர்ந்தது

மயிலாப்பூர் சித்திரக்குளத்தை ஒட்டிய ஒரு சந்து. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பழைய வீட்டின் போர்ட்டிகோவில் 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று வாயைப் பிளந்து நின்றிருந்தது. ஹெரால்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. விளக்கு, மட்கார்டு, கிரில் எல்லாம் சேர்ந்து முன்பாகமே மொத்தமாகச் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி எஞ்சினில் கை வைக்கலாம். மெக்கானிக் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தேழு. பதினான்கு வயதில் புதுப்பேட்டையில் ஒரு ஷெட்டில் மண்ணெண்ணெயில் உதிரிபாகம் கழுவச் சேர்ந்தவர்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அப்பா வாங்கிய வண்டி. சில மாதங்களாக எஞ்சினுக்குள் டொக் டொக் என்று சத்தம். சூடேறியதும் ஆயில் விளக்கு மினுக்குகிறது. அவர் முதலில் போன பணிமனையில் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல், “இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எஞ்சின் வெச்சுக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. பேரிங் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது என்றால் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இந்த மெக்கானிக் சொன்னதைக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

பெரியவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காதைத்தான் தீட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயரை ஒவ்வொன்றாக இடுக்கியால் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, மாற்றமில்லை. மூன்றாவதைக் கழற்றியதும் டொக் டொக் பாதியாக அடங்கியது. அந்த சிலிண்டரில் நெருப்பு இல்லையென்றால் பிஸ்டன் கீழே அறையும் வேகம் குறையும்; தேய்ந்த பேரிங் மீது விழும் அடியும் குறையும். “மூணாவது பிக் எண்ட் சார். மெயின் போயிருந்தா இப்படித் தட்டாது, அடிவயித்துலேருந்து உறுமும்” என்றார். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனைதான் பிக் எண்ட்; கிராங்கையே தாங்கும் பேரிங்தான் மெயின்.

அடுத்து எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அக்கா மகனை டிரைவர் சீட்டில் ஏற்றினார். “கிளட்ச மிதிடா.” மிதித்தான். எஞ்சினின் முன்முனையில் இருக்கும் கிராங்க் புல்லி, கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் வந்தது. விட்டதும் அவர் அதைக் கையால் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார். அசைவது புல்லி மட்டுமல்ல, அதோடு சேர்ந்த முழு கிராங்க் ஷாஃப்டும்தான். அங்கே இருக்க வேண்டிய அசைவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. கண்ணால் பார்க்கவே முடியக் கூடாது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க, பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் பிறை வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர் உண்டு. அவை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவி, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பில் விழுந்துவிடும். அதன்பிறகு கிராங்க் நேரடியாக எஞ்சின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். ஸ்டாண்டர்ட், டிரையம்ப் குடும்பத்து எஞ்சின்களின் பேர்போன பலவீனம் இது.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியர் ஜியோவன்னி மிகெலோட்டி வரைந்த உருவம். டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இல் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று இங்கே கொண்டுவந்தது. 948 சிசி எஞ்சின், மூன்று மெயின் பேரிங். அங்கே இரண்டு கதவோடு விற்ற வண்டிக்கு நான்கு கதவு வைத்தது நம் ஊர் ஆலைதான். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட் என்று சொல்பவர்கள் சென்னைக்கென்று ஒரு கார் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். 1980-களின் இறுதியில் அந்த ஆலையின் கார் உற்பத்தியே நின்றுபோனது.

சம்ப்பைக் கழற்றியதும் பெரியவர் எண்ணெயைக் கொட்டிவிடவில்லை. ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கறுப்பு எண்ணெய்க்குள் ஜரிகைத்தூள் போல ஏதோ மின்னியது. காந்தத்தை அருகே கொண்டுபோனார். ஒரு துகளும் ஒட்டவில்லை. “இரும்பு வரல. பேரிங்தான் கரைஞ்சிருக்கு, கிராங்க் இன்னும் பொழைச்சிருக்கு.” அவர் முகத்தில் அன்று முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது.

பேரிங் என்றதும் உருளைக் குண்டுகள் நினைவுக்கு வரலாம். கார் எஞ்சினின் நடுவே இருப்பது அதுவல்ல. மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் மிருதுவான உலோகம் பூசிய இரண்டு அரைவட்ட ஓடுகள், அவ்வளவுதான். ஷெல் என்பார்கள். 1839-இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற வெள்ளீயக் கலவையின் வழிவந்தது இந்த எண்ணம்: விலையுயர்ந்த கிராங்க் தேயாமல் இருக்க, அதைச் சுற்றி மலிவான ஒன்று தேயட்டும். தமிழ்நாட்டிலேயே இதற்கென்று ஒரு தொழில் வளர்ந்தது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் பைமெட்டல் பேரிங்ஸ் 1961-இல் கோவையில் தொடங்கியது.

எஞ்சின் ஓடும்போது கிராங்க் இந்த ஷெல்லைத் தொடுவதே இல்லை. நடுவே ஓர் எண்ணெய்ப் படலம் தாங்குகிறது. 1883-இல் இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்தபோது, அதன் மேலே ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. கார்க் வைத்து அடைத்தார். கார்க் வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து ஏற்றினார். அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்து அழுத்தமாக்கித் தன்னை மிதக்க வைத்துக்கொள்கிறது என்று உலகம் கண்டுகொண்டது அப்படித்தான். மூன்று ஆண்டு கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார்.

அந்தப் படலத்துக்கு இடம் வேண்டும். இரண்டு அங்குல விட்டமுள்ள அச்சுக்கு ஆயிரத்தில் இரண்டு அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு. அதைவிடக் குறைந்தால் இறுகும்; கூடினால் எண்ணெய் வழிந்தோடி அழுத்தம் விழும், ஆயில் விளக்கு மினுக்கும்.

மூன்றாவது கனெக்டிங் ராடின் கேப்பைப் பெரியவர் கழற்றி, ஷெல்லை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறம் தேய்ந்து நடுவில் செம்பு தெரிந்தது. முதுகில் 010 என்று முத்திரை. அப்படியென்றால் இந்த கிராங்க் ஏற்கெனவே ஒருமுறை ஆயிரத்தில் பத்து அங்குலம் கிரைண்டிங் ஆகியிருக்கிறது. புது ஷெல்லும் பத்து சைஸில்தான் வாங்க வேண்டும். இதைப் படிக்காமல் ஸ்டாண்டர்டு சைஸ் வாங்கிவந்து போட்டு, வாரத்தில் மறுபடி சத்தம் வந்த வண்டிகளைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கிராங்கில் ஷெல் கவ்வும் உருண்டைப் பகுதியான ஜர்னலைச் சுற்றி நகத்தை மெல்ல ஓட்டினார். “கீறல் இருக்கு, பள்ளம் இல்ல. வட்டம் கெடல.” மருமகன் அதோடு விடவில்லை. மைக்ரோமீட்டரை நாலு திசையிலும் வைத்து அளந்து, சாக்பீஸால் தரையில் எழுதினான். நான்கு எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. மாமா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நகமும் வேண்டும், மைக்ரோமீட்டரும் வேண்டும் என்பது அந்த வீட்டில் சண்டையில்லாமல் முடிவான விஷயம்.

ஷெல்லும் வாஷரும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பழைய கடையின் பரணிலிருந்து கிடைத்தன. அந்தத் தேடலுக்கே இரண்டு நாள் ஆனது.

அடுத்த ஞாயிறு பூட்டும் வேலை. மெயின் பேரிங்கின் மேல் ஓடு கிராங்குக்கு மேலே ஒளிந்திருக்கும்; எஞ்சினை இறக்காமல் எடுப்பது எப்படி? ஒரு காட்டர் பின்னின் தலையை வளைத்துத் தட்டி, ஜர்னலில் உள்ள எண்ணெய்த் துளையில் செருகினார். மருமகன் புல்லியைக் கையால் மெல்லச் சுற்ற, பின்னின் தலை ஷெல்லை உந்தித் தள்ள, அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. புதியதும் அதே வழியில் உள்ளே போனது. வாஷரை வைக்கும்போது மட்டும் மருமகனின் கையைப் பிடித்து நிறுத்தினார்: “பள்ளம் கிராங்கப் பாக்கணும். திருப்பிப் போட்டா பண்ண வேலையெல்லாம் வீண்.” சம்ப்பின் முன்பக்க அலுமினியக் கட்டையின் இரு ஓரத்திலும் எண்ணெய் கசியாமல் அடைக்க வருவது சின்ன மரத்துண்டுகள். அவற்றை பிளேடால் சீவிச் சமப்படுத்தியபோது, டவரின் மரக்கட்டை எனக்கு நினைவுக்கு வந்தது.

உடனே ஸ்டார்ட் செய்துவிடவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டார். காய்ந்த பேரிங்கில் எஞ்சினைப் பற்றவைப்பதுதான் பெரிய கொலை என்பது அவர் கருத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், அடையாறு பக்கம் மூழ்கிய வண்டிகளைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருகியவர்களின் எஞ்சின்தான் முதலில் போனது. டிப்ஸ்டிக்கை இழுத்து, எண்ணெய் பால்போல வெளுத்திருப்பதைப் பார்த்து, அதை வடித்த பிறகு தொட்டவர்களில் பலர் தப்பித்தார்கள்.

ஹெரால்டு இரண்டாவது திருகலில் பிடித்துக்கொண்டது. டொக் டொக் இல்லை. வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மூன்று டம்ளர் காபியோடு வந்தார்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒரு ஹெரால்டு இருந்தால், இன்றைக்கே எஞ்சின் ஓடாத நிலையில் ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், வண்டியை ஓட்டாதீர்கள். முதலில் சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.