கால் சுற்றில் தீர்ந்த கவலை

திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்கு என் மகள் கியர் சைக்கிளில் டியூஷன் போகிறாள். போன வாரம், பின்னால் பட்டாசு லாரி வரும்போது, செயின் 'கடகட'வென்று துள்ளிப் பெடல் வழுக்க, விழப் பார்த்தாள்!

"டியூஷனும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்!" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பெண்ணின் கண் கலங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினேன். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கியது. கேபிள் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். பின் கியரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகைக் கடிகார முள்ளுக்கு எதிராகக் கால் சுற்று, மறுபடி கால் சுற்று... சத்தம் அடங்கியது! இறங்கத் தயங்கினால் முள் போகும் திசையில் திருகவேண்டும். 'எச்', 'எல்' திருகுகளைக் கண்டபடி தொடாதீர்கள். செயின் பல்சக்கரத்தைத் தாண்டி விழாமல் காப்பவை அவை.

மறுநாள் மகள் மணியடித்துப் புறப்பட்டாள். "எனக்கும் சொல்லிக் கொடேன்!" என்றார் அவர்.