மில்வாக்கியின் இரும்புப் புரவிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட பாகத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் மில்வாக்கி என்னும் நகரம் அமைந்துள்ளது. ஏரி எனப் பெயர் பெற்றிருப்பினும், மறுகரை கண்ணுக்குப் புலனாகாத அந்நன்னீர்ப் பரப்பு கடலையே நினைவூட்டும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்து, பியர் வடிசாலைகளையும் இயந்திரத் தொழிற்சாலைகளையும் நிறுவிய நகரம் அது. இன்று தூர தேசங்களிலிருந்து அந்நகரை நாடி வருவோருட் பலர், ஏரியைக் காட்டிலும் மோட்டார் சைக்கிள்களைக் காண்பதிலேயே ஆவலுடையவர்கள்.

நகரின் மையத்துக்கு அண்மையில், மெனொமொனி ஆற்றுப் பள்ளத்தாக்கில், 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹார்லி டேவிட்சன் நூதனசாலை திறந்து வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நெருங்கி நின்ற தாழ்நிலம் அது. வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் என்னும் இரு இளைஞர்கள், 1903ஆம் ஆண்டில், 10 அடி அகலமும் 15 அடி நீளமுமான ஒரு மரக்கொட்டிலில் தொடங்கிய தொழிலே பின்னர் உலகப் புகழ் பெற்ற நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனத்தின் வண்டிகளுள் மிகப் பழையது என அறியப்படும் ‘முதலாம் இலக்கம்’ இந்த நூதனசாலையிலேயே பேணப்படுகின்றது. அதன் உறுப்புகள் சிலவற்றில் ‘1’ என்னும் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. மிதிவண்டியைச் சற்றுப் பருமனாக்கி அதன் நடுவே ஓர் எஞ்சினைப் பொருத்தினாற்போன்ற எளிய தோற்றமுடையது அது.

இந்த நூதனசாலையின் காட்சிப் பொருள்களுள் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் தனிச் சிறப்புடையவை. ஒன்றின் பெற்றோல் தாங்கியில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் கோடுகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. மற்றதில் தீச்சுவாலை வரையப்பட்டிருக்கின்றது. முன்னதன் முன்சில்லு வண்டியை விட்டு ஓடிப்போக எத்தனிப்பதுபோல் நெடுந்தூரம் முன்னே நீண்டு நிற்கும். 1969ஆம் ஆண்டில் வெளியான ‘ஈசி ரைடர்’ என்னும் திரைப்படத்தில் பீற்றர் பொண்டாவும் டெனிஸ் ஹொப்பரும் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஓர்லியன்ஸை நோக்கி ஓட்டிச் செல்லும் வண்டிகள் இவையே. ஆயினும் நூதனசாலையிலே நிற்பவை மூல வண்டிகள் அல்ல. அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட பிரதிகள். நூறாண்டுக்கு முந்திய வண்டியையே பத்திரமாகக் காத்து வைத்திருக்கும் ஓரிடத்தில், அதற்குப் பிற்பட்ட வண்டிகளுக்கு ஏன் பிரதிகளை வைக்க நேர்ந்தது என்று பார்ப்போர் வியப்படையக்கூடும். அதற்கு விடை காண்பதற்கு மில்வாக்கியை விட்டு, ஏறத்தாழ 2,000 மைல் தென்மேற்கேயுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு நாம் செல்லுதல் வேண்டும்.

இத்தகைய வண்டிகளைச் ‘சொப்பர்’ என்று அழைப்பர். வெட்டுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹார்லி டேவிட்சன் நிறுவனம் நேச நாட்டுப் படைகளுக்காக ஏறக்குறைய 90,000 மோட்டார் சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய போர்வீரர் பலர், பழைய வண்டிகளை மலிவாக வாங்கி, அவற்றின் பாரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்ட விரும்பினர். முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தனர். பின் மட்கார்டைக் குறுக வெட்டினர். வேண்டாதவை எனக் கருதிய யாவற்றையும் நீக்கினர். நாளடைவில், வேகத்துக்காகத் தொடங்கிய இவ்வேலை அழகுக்காகச் செய்யப்படுவதாயிற்று. கலிபோர்னியாவின் சிறு பட்டறைகளில் அது தனியொரு கைத்தொழிலாகவே வளர்ந்தது.

அந்தத் திரைப்படத்துக்காகப் பொலிஸார் ஓட்டிக் கழித்த பழைய ஹார்லி வண்டிகள் ஏலத்தில் வாங்கப்பட்டன. வண்டியொன்றின் விலை 500 டொலர். அவை 1949, 1950, 1952ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டவை. அவற்றின் எஞ்சின் 74 கன அங்குலக் கொள்ளளவு உடையது. அதாவது ஏறத்தாழ 1,200 கன சென்ரிமீற்றர். இரண்டு உருளைகள் 45 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கும். உருளைகளின் தலைமீதுள்ள மூடிகள் கவிழ்த்து வைத்த தாச்சியைப் போன்றிருப்பதால் அவ்வெஞ்சினுக்குப் ‘பான்ஹெட்’ என்று பெயர்.

கழிக்கப்பட்ட பொலிஸ் வண்டியொன்று சொப்பராக மாறும் விதம் இதுவாகும். முதலில், கடமைக்காகப் பூட்டப்பட்ட பாரமான உறுப்புகள் யாவும் அகற்றப்படும். அதன்பின் சட்டகத்தின் கழுத்துப் பகுதி வாளால் அறுக்கப்படும். கைபிடியையும் முன்சில்லையும் இணைக்கும் தண்டு நுழைந்து திரும்புமிடம் அதுவே. அறுத்த கழுத்தை முன்னிலும் கூடுதலாகச் சரித்து வைத்து மீண்டும் வெல்டிங் செய்வர். சரிவு கூடியதும் முன்தண்டுகளின் நீளத்தையும் கூட்டுதல் வேண்டும். இல்லையேல் வண்டி மூக்குத் தரையில் முட்டுமாறு குனிந்துவிடும். கொடி தீட்டிய வண்டியின் முன்தண்டுகள் 12 அங்குலம் நீட்டப்பட்டன. பெரிய தாங்கியை எடுத்துவிட்டுச் சிறியதொன்றைப் பொருத்தினர். கைபிடியை உயர்த்தி, இருக்கையின் பின்னே நெடிய சாய்வுக் கம்பியொன்றை நிறுத்திச் சட்டகம் முழுவதற்கும் குரோமியம் பூசினர்.

இவ்வேலையில் ஆபத்தும் உண்டு. ஓட்டுபவரின் பாரமும் பாதையின் அதிர்ச்சியும் ஒருங்கே தாக்கும் இடம் கழுத்தாகும். அங்குள்ள வெல்டிங் பழுதாயின் உயிருக்கே மோசம் நேரலாம். முன்தண்டுகள் மிகச் சரிந்திருப்பதால், நேரான நெடுஞ்சாலையில் வண்டி அம்புபோற் செல்லும். ஆனால் நகரத்து ஒழுங்கைகளில் மெதுவாகத் திருப்பும்போது கைபிடி ஒரு பக்கமாக விழ முயலும். அவ்வண்டிக்கு முன் பிரேக்கும் இல்லை. பின்சில்லின் பிரேக் ஒன்றையே நம்பி ஓட்டுதல் வேண்டும். பின்சில்லுக்கும் சட்டகத்துக்கும் இடையில் அதிர்ச்சி தாங்கும் வில்லும் கிடையாது. இத்தனை குறைகள் இருந்தும் அதை அழகுடையதாகவும் ஓடத்தக்கதாகவும் ஆக்குவதற்குக் கைத்திறனும் பொறுமையும் மிகுதியாக வேண்டும்.

அத்திறன் யாருடையது? நெடுங்காலம் உலகம் இதற்கு விடை அறியாதிருந்தது. வண்டிகளின் வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் கிளிஃப் வோஸ். அவற்றைக் கட்டியெழுப்பியவர் பென் ஹார்டி. இருவரும் கறுப்பின அமெரிக்கர். ஹார்டி, தென் மத்திய லொஸ் ஏஞ்சல்ஸில் பட்டறை வைத்து, அப்பகுதியின் ஓட்டுநர்கள் பலருக்கு வண்டி திருத்தியும் தொழில் கற்பித்தும் வந்த மெக்கானிக். வோஸ், கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய மாணவர் இயக்கத்தின் புகைப்படக் கலைஞர். 1964ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் படையினர் அவரைப் பற்றி இழுத்துச் செல்லும் காட்சியை டானி லயன் பிடித்த புகைப்படம் அக்காலத்தின் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

ஏறத்தாழ 4 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட அத்திரைப்படம் கோடிக்கணக்கிற் பொருளீட்டியது. 1998இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைப் பேணத்தக்க படங்களின் பட்டியலிற் சேர்த்தது. அமெரிக்காவின் எல்லைக்கு அப்பாலும் இளைஞர்கள் பழைய வண்டிகளின் கழுத்தை அறுக்கத் தொடங்கியதற்கு அப்படம் பெருங் காரணமாயிற்று. நடிகர்களின் பெயரும் இயக்குநரின் பெயரும் யாவரும் அறிந்தவையாயின. ஆயின் படத்தில் இடம்பெறும் பெயர் வரிசையில் வோஸின் பெயரும் இல்லை, ஹார்டியின் பெயரும் இல்லை. ஹார்டி 1994இற் காலமானார். அவர்களது பங்கைப் பற்றிப் பொதுமக்கள் பரவலாக அறிய வந்தது பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரேயாகும். வோஸ் 2016இல் மறைவதற்கு முன் அதனை ஓரளவேனும் காணும் பேறு பெற்றார்.

வண்டிகளின் கதியும் விந்தையானது. படத்துக்கென நான்கு வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று இறுதிக் காட்சியிலே சிதைக்கப்பட்டது. ஏனைய மூன்றும் படம் வெளிவருவதற்கு முன்னரே திருடப்பட்டன. அவை உதிரிப் பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருத்தல் கூடும் என்பர். மில்வாக்கியில் பிரதிகள் நிற்பதன் காரணம் இதுவே. சிதைந்த வண்டியைத் திருத்திக் கட்டியதாகச் சொல்லப்படும் ஒன்று 2014ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. கேள்வி 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்வரை ஏறியது. உண்மையான வண்டி தம்மிடமே உள்ளதென வேறொருவரும் உரிமை கூற, எது மெய், எது போலி என்னும் வழக்கு எழுந்தது. அன்று 500 டொலருக்குக் கழித்துவிடப்பட்ட பழைய இரும்பு இப்பெருவிலை பெற்றதற்குக் காரணம், திரைப்படத்தின் புகழ் மட்டுமன்று. ஹார்டியின் பட்டறையில் நிகழ்ந்த வேலையுமாகும்.

நிறுவனத்தாரும் இப்பட்டறைகளிடமிருந்து பாடங் கற்றனர். 1971இல், ஒரு வகை வண்டியின் பாரமான சட்டகத்தையும் மற்றொரு வகையின் மெல்லிய முன்பாகத்தையும் இணைத்து, ‘சூப்பர் கிளைட்’ என்னும் வண்டியை அவர்களே விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதனை உருவாக்கியவர், நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தில் வந்த வில்லி டேவிட்சன். தெருவோரத்துக் கைவினை தொழிற்சாலையின் வாசலைத் தாண்டி உள்ளே சென்ற கதை அது.

நூதனசாலையை விட்டு வெளியேறுமுன் மற்றுமொரு வண்டியையும் பற்றிக் கூறுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை, அங்கு ஒருவர் பெட்டகமொன்றில் வைத்திருந்த ஹார்லி வண்டியைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. ஓராண்டுக்குப் பின், பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில், கனடாவுக்கு உரிய ஒரு தீவின் மணலில் அது கண்டெடுக்கப்பட்டது. உரியவரைத் தேடிக் கண்டுபிடித்த நிறுவனத்தார் அதைத் திருத்திக் கொடுக்க முன்வந்தனர். பேரலைக்குத் தம் குடும்பத்தவர் மூவரைப் பறிகொடுத்திருந்த அவர், அதற்கு இணங்கவில்லை. மாண்டவர்களின் நினைவாக, உள்ளது உள்ளவாறே அதனை வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அவ்வண்ணமே 2012 ஒக்டோபரில், துருவேறிய கோலத்துடனேயே அது காட்சிக்கு வைக்கப்பட்டது. 2004 மார்கழியில் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அதே கொடுமையைக் கண்ட நம்மவர்க்கு, அவரது மனத்தை உணர்த்த அதிக விளக்கம் வேண்டியதில்லை.

பழைய பொருளொன்றைக் காப்பதா, வெட்டிப் புதிதாக்குவதா, உள்ளபடியே விடுவதா என்பதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நியாயம் இல்லை. ‘முதலாம் இலக்கம்’ காக்கப்பட்டது. பொலிஸ் வண்டி வெட்டப்பட்டது. கடல் தந்த வண்டி தொடப்படாமல் விடப்பட்டது. மூன்றும் தக்க செயல்களே. ஆனால், மட்கார்டையும் பிரேக்கையும் கழற்றியது போலச் செய்தவர் பெயரையும் கழற்றிவிட்டமை தக்க செயலன்று. நம்மூர்க் கராஜ்களிலும், தேர் செய்யும் கொட்டில்களிலும், தச்சுப் பட்டறைகளிலும் எண்ணெய்க் கறையும் மரத்தூளும் படிந்த கைகளோடு உழைப்போர் பலருளர். அவர்கள் செய்த பொருளை வியக்கும்போது, செய்தவர் யாரென்று ஒருமுறை கேட்டு, அப்பெயரை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நமது கடமையாகும்.